பச்சையில் வந்த கரிநாள்

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். கண்ணபுரம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகும்போது சொல்வது. "சும்மா நிக்கற மாட்டை மட்டும்..." என்று ஆரம்பிப்பார். அது 'உட்டறாதே' என்று முடியுமா, 'புடிச்சறாதே' என்று முடியுமா என்பதுதான் எனக்கு நினைவில் இல்லை. திருச்சியில் பஸ் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'புடிச்சறாதே' என்றுதான் இருக்க வேண்டும். வேறு எப்படி இருக்க முடியும், சொல்லுங்கள்?

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், இந்தப் பையை நடுவில் வைத்துக்கொள்கிறேன். ஆப்பிளும் வெற்றிலை பாக்கும்தான். காலையில் ஈரோட்டிலிருந்து திருச்சிக்குக் கொண்டுபோனேன். இப்போது திருச்சியிலிருந்து ஈரோட்டுக்குக் கொண்டுபோகிறேன். சிரிக்காதீர்கள். நானே எரிச்சலில் இருக்கிறேன்.

நீங்கள் சாப்ட்வேரா? மருந்துக் கம்பெனியா. பரவாயில்லை, உங்களுக்கும் புரியும். சாப்ட்வேர்காரனிடம் சொன்னால் சண்டைக்கு வருவான்.

ஒரு கல்யாணம் என்றால் சமைக்க அண்டா வேண்டும். அண்டாவை நாமே தட்டி எடுப்போமா? கோயிலில் ஊர்ப் பொதுப் பாத்திரம் இருக்கும், கொண்டு வருவோம், சமைப்போம், கழுவித் திருப்பி வைப்போம். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். பைத்தான் என்று ஒரு மொழி, அதில்தான் நாங்கள் எழுதுகிறோம். எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. உலகத்தில் யாராவது ஏற்கெனவே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. காசு கிடையாது. கேட்க வேண்டியதுகூடக் கிடையாது. கழுவித் திருப்பி வைக்கிற வேலையும் இதில் இல்லை, அதுதான் பெரிய வசதி.

ஆனால் லட்சக்கணக்கில் கிடக்கிறது. எது நல்லது, எது ஓட்டை என்று பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும். அதுதான் என் தொழில். அமெரிக்காவில், நியூஜெர்சியில், ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷத்துக்குப் பக்கம் இருந்தேன். எந்த லைப்ரரியை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று சொல்கிற குழுவுக்கு நான்தான் தலைவர். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு லைப்ரரி அந்தக் கட்டடத்துக்குள் நுழைய முடியாது. எத்தனை பேர் நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், எத்தனை பேர் சேர்ந்து எழுதுகிறார்கள், கேள்வி கேட்டால் எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது, எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக எப்போது மாற்றம் செய்தார்கள். அதுதான் நாடி. நாடி அடிக்கவில்லை என்றால் செத்துப்போனது. பிணத்தின் மேல் யாராவது வீடு கட்டுவார்களா?

அந்த வேலையை விட்டுவிட்டு ஈரோட்டுக்கு வந்தேன். என் மனைவி சுகந்தி அப்போதே சொன்னாள், "ஒரு வருஷம் பார்ப்போம், நடக்கலைன்னா திரும்பிப் போயிடணும், பாப்பா படிப்பு இருக்கு." சரி என்றேன். அப்போது அப்படிப் பேசினாள். இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை, அமைதியாக இருக்கிறாள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

என் கம்பெனி என்னவென்றால், கல்யாண மண்டபங்களுக்கான சாப்ட்வேர். எங்கள் பக்கத்தில் மண்டபக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பெருந்துறை, கோபி, பவானி எல்லாம் சேர்த்து. ஈரோட்டுக்கு வெளியே இருந்தாலும், பெங்களூரிலோ துபாயிலோ இருந்தாலும், செல்போனில் பார்த்து மண்டபத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். நல்ல நாள் எல்லாம் பச்சையில் தெரியும். ஆகாத நாள் சிவப்பில் தெரியும். பச்சையைத் தொட்டால் மண்டபம் உங்களுக்கு. அந்தப் பச்சை சிவப்புதான் என் சாப்ட்வேரின் உயிர். சங்கம் இருந்தால் நான் ஈரோட்டில் இருக்கலாம். சங்கம் போய்விட்டால் கம்பெனி இல்லை, கம்பெனி இல்லையென்றால் நியூஜெர்சி. நாளைக்குக் காலையில் சங்கக் கூட்டம். அதுதான் நிலைமை.

இப்போது கதைக்கு வருகிறேன்.

என்னிடம் முதலில் சேர்ந்தது பூங்கோதை என்று ஒரு பெண். சத்தியமங்கலம் பக்கம். நல்ல மூளை, ஆனால் உலகம் தெரியாது. நான் நியூஜெர்சியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதே இங்கே முதல் வடிவத்தை எழுதி ஓடவிட்டிருந்தாள். வந்து திறந்து பார்க்கிறேன், நாள் பார்க்கிற கணக்குக்கு 'பிறைக்கணக்கு' என்று ஒரு லைப்ரரியை எடுத்துப் போட்டிருக்கிறாள். பெயரைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. போய்ப் பார்த்தால் நட்சத்திரம் ஐம்பதுகூடத் தேறாது. எழுதியது ஒரே ஆள். கடைசி மாற்றம் ஆறேழு வருஷத்துக்கு முன்னால்!

"என்ன பூங்கோதை இது? செத்துப்போன லைப்ரரி!"

"சாகலைங்க சார். வேலை முடிஞ்சுது, அதான் சும்மா இருக்குது."

"சாப்ட்வேர்ல வேலை முடியறதுன்னு ஒண்ணு கிடையாதும்மா."

"பஞ்சாங்கத்துல முடியுமுங்க சார். திதி, நட்சத்திரம், நம்ம ஊர் கரிநாள், எல்லாம் இருக்குது. வாக்கியம் வேணும்னா வாக்கியம், திருக்கணிதம் வேணும்னா திருக்கணிதம். காலண்டரோட வெச்சுப் பாத்தேன், தப்பே இல்லைங்க."

பாருங்கள், என்னிடம் எதிர்த்துப் பேசுகிறாள். இருந்தாலும் நான் நியாயமானவன். எழுதியவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம் என்று அந்த லைப்ரரியின் பக்கத்திலேயே, எல்லோரும் பார்க்கும்படி, ஒரே வரியில் கேட்டேன்: 'ஐயா, இது உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா?' இதில் என்ன தப்பு? எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள்.

என்ன பதில் வந்தது தெரியுமா? 'சந்திரன் பாதை மாறினால் நானும் மாற்றுகிறேன். அதுவரை வேலை இல்லை.'

அவ்வளவுதான். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. என்ன திமிர்! இருபது வருஷம் பெரிய பெரிய லைப்ரரிக்காரர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள், ஒருவர்கூட இப்படிப் பேசியதில்லை.

எனக்குக் கோபம் வந்தால் எழுதுவேன். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். 'செத்த லைப்ரரியை மோப்பம் பிடிப்பது எப்படி?' என்று தலைப்பு. அதில் உதாரணத்துக்குப் பிறைக்கணக்கைத்தான் வைத்தேன், படம் போட்டு, அந்தப் பதிலையும் போட்டு. ஓடியது பாருங்கள்! எங்கெங்கோ பகிர்ந்தார்கள். ஐரோப்பாவிலிருந்தெல்லாம் பாராட்டினார்கள். உங்கள் கட்டுரையைப் படித்ததும் எங்கள் கம்பெனியிலும் அந்த லைப்ரரியை எடுத்துவிட்டோம் என்று நிறையப் பேர் எழுதினார்கள். நாலு பேருக்கு உபயோகமாக ஒரு காரியம் செய்தோம் என்ற திருப்தி இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பிறைக்கணக்கைத் தூக்கிவிட்டு 'சக்ராடேட்' என்று ஒன்றைப் போட்டேன். அது லைப்ரரி! ஆயிரக்கணக்கில் நட்சத்திரம். நூற்றுக்கணக்கில் ஆட்கள். தினமும் மாற்றம், சில நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கேள்வி கேட்டால் ஒரு மணி நேரத்தில் பதில், பதிலுக்குள் பூங்கொத்து, சிரித்த முகம், ராக்கெட் என்று குட்டிக் குட்டிப் படங்கள். நாடி குதிரை மாதிரி ஓடுகிறது. பூங்கோதை பழைய லைப்ரரியை மட்டும் ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள். "எதுக்கும்மா அந்தக் குப்பை?" என்றேன். "இருக்கட்டுங்க சார், எடம் ஒண்ணும் அடைக்கலை" என்றாள்.

குளித்தலை தாண்டிவிட்டதா? காவேரி தெரிகிறதே. தண்ணீர் பரவாயில்லை.

நாலைந்து மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பெருந்துறை வந்தது.

பெருந்துறை மண்டபத்துக்காரர் தெய்வசிகாமணி. சங்கத் தலைவரும் அவர்தான். பெங்களூரில் இருக்கிற ஒரு குடும்பம், பெண் வீட்டார், வைகாசியில் ஒரு பச்சை நாளைத் தொட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். பத்திரிகை அடித்தாகிவிட்டது. குலதெய்வத்துக்கு வைத்து, பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது. பையனுடைய அத்தை ஒருத்தி பவானியில் இருக்கிறாள். பத்திரிகையைக் கையில் வாங்கியவள், சுவரில் தொங்குகிற தினக் காலண்டரைப் புரட்டியிருக்கிறாள். அந்தத் தேதிக்குக் கீழே கொட்டை எழுத்தில் கரிநாள்.

அப்புறம் என்ன? இரண்டு வேன் நிறைய ஆட்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்குப் போன் வந்தது. ஓடினேன். அந்த அத்தை காலண்டரையே கழற்றிக் கொண்டுவந்திருக்கிறாள், சாமி படத்தோடு. என் முகத்துக்கு நேரே ஆட்டுகிறாள்.

"ஏனுங்க, மளிகைக் கடையில சும்மா குடுக்கற காலண்டர்ல போட்டிருக்குது, உங்க கம்ப்யூட்டர்ல இல்லீங்களா? எங்க வீட்டுப் பையனைக் கரிநாள்ல மணையில உக்கார வெக்கப் பாத்தீங்களே!"

பெண்ணின் அப்பா பெங்களூரிலிருந்து வந்தவர், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். சம்பந்தம் முறிந்துவிடும் என்கிற நிலைமை. "பச்சையா இருந்துச்சே... பச்சையா இருந்துச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசியில் நாளை மாற்றிக்கொண்டார்கள், கல்யாணம் நின்றுபோகவில்லை. ஆனால் அன்றைக்கு நான் பட்ட அவமானம்!

தெய்வசிகாமணி சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்குப் போட்டிருப்பேன். "தம்பி, மத்த மண்டபத்திலயும் பாத்துட்டு வாங்க" என்றார். பார்த்தோம். எல்லா மண்டபத்திலும், எல்லாக் கரிநாளும் பச்சை. சக்ராடேட்டுக்குக் கரிநாள் என்றால் என்னவென்றே தெரியாது. அது நம் ஊர் வழக்கம், மாதத்தில் இன்ன தேதி ஆகாது என்று. வடக்கே எவனுக்குத் தெரியும்?

நீங்கள் நினைப்பது புரிகிறது. நாமே அந்தத் தேதிகளை மேலே சேர்த்துக்கொண்டால் என்ன என்கிறீர்கள். செய்து பார்த்தோமே. அவர்கள் கணக்கில் மாதம் பிறக்கிற முறையே வேறு. சில மாதம் நமக்கு முந்தி, சில மாதம் பிந்தி. கரிநாள் ஒரு நாள் தள்ளி உட்கார்ந்துகொண்டது. நல்ல நாள் சிவப்பாகி, கரிநாள் மறுபடியும் பச்சை.

சரி, அவ்வளவு பெரிய லைப்ரரி, அத்தனை ஆட்கள், கேட்போம் என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில். 'அருமையான கேள்வி! மிக்க நன்றி!' கூடவே ராக்கெட். அடுத்த நாள் இன்னொருவர், 'இது வட்டார வழக்கம், நம் எல்லைக்குள் வருமா என்று விவாதிப்போம்.' விவாதித்தார்கள். ஓட்டெடுப்பு வைத்தார்கள். நடுவில் ஒருவர் வந்து, 'நீங்களே எழுதி அனுப்பலாமே?' என்கிறார். நானா? நான் எதற்கு எழுத வேண்டும்? நூற்றுக்கணக்கில் ஆள் இருப்பதால்தானே அதை எடுத்தேன்! அப்புறம் பேச்சே இல்லை. ஒரு நாள் பார்க்கிறேன், என் கேள்வியை மூடியிருக்கிறார்கள். மனிதன்கூட மூடவில்லை, ஒரு எந்திரம் மூடியிருக்கிறது. 'சில காலமாக இதில் அசைவு இல்லாததால் இதை உயிரற்றது எனக் கருதி மூடுகிறோம்.'

என் கேள்வியை! உயிரற்றது என்று! நான் உயிரோடு உட்கார்ந்து பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன், அசையவில்லை என்பதற்காக அது எப்படிச் செத்துப்போனதாகும்? என்ன அறிவு இது? எவன் வைத்த விதி?

கரூர். இறங்குங்கள், டீ குடித்துவிட்டு வருவோம். பை இருக்கட்டும், யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால்தான் எடுக்கட்டுமே.

*

எங்கே விட்டேன்? ஆமாம், எந்திரம்.

பூங்கோதையைக் கூப்பிட்டேன். ஒரு மத்தியானம்தான் எடுத்தது அவளுக்கு. ஒதுக்கி வைத்திருந்த பிறைக்கணக்கை எடுத்து மறுபடி மாட்டிவிட்டாள். கரிநாள் எல்லாம் சிவப்பு. தினக் காலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. அதைக் கொண்டுபோய்த் தெய்வசிகாமணியிடம் காட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"யார் கணிச்சதுங்க தம்பி?"

"லைப்ரரிங்க."

"அதில்லீங். பஞ்சாங்கம்னா அட்டையில கணிச்சவர் பேர் போட்டிருக்கும். தப்பாப் போனா அவரைக் கேக்கலாம். உங்களோடதுல யார் பேரு?"

"ஐயா, அது ஓப்பன் சோர்ஸ். உலகத்துக்கே பொது. இதுக்கு முன்னாடி நூத்துக்கணக்கான பேர் எழுதினதைப் போட்டிருந்தேன்..."

"அந்த நூறு பேர்ல ஒருத்தர் பெருந்துறைக்கு வந்தாருங்களா? அந்தம்மா காலண்டரைத் தூக்கிக்கிட்டு வந்தப்போ நானும் நீங்களும்தானே நின்னோம்?" கண்ணாடியைக் கழற்றினார். "கூட்டத்துல நான் என்னான்னு சொல்லட்டும்? கணிச்சவர் பேரு, போன் நம்பரு, அவரு சம்மதம். கொண்டாங்க. இல்லாட்டி அவங்கவங்க பழையபடி நோட்டுல எழுதிக்கறோம்."

எட்டாவது வரை படித்த மனிதர். நட்சத்திரம், நாடி எல்லாம் அவருக்கு எப்படி விளக்குவது? விளக்கிப் பார்த்தேன். "அதெல்லாம் சரீங், பேரைச் சொல்லுங்க" என்கிறார்.

பிறைக்கணக்கின் பக்கத்துக்குப் போனேன், ஆளைப் பிடிக்கலாம் என்று. பக்கம் பூட்டியிருந்தது. இனிமேல் யாரும் கேள்வி கேட்க முடியாது, எதுவும் எழுத முடியாது. மேலே ஒரு வரி: 'இது செத்துவிட்டது என்று அறிஞர்கள் சொல்வதால் இன்றோடு அடக்கம் செய்யப்பட்டது.' அதற்குக் கீழே என் கட்டுரைக்கு ஒரு இணைப்பு. மரியாதைக்காகக் கொடுத்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேளுங்கள். ஒரு பொதுக் காரியத்தைச் செய்கிறவனுக்குப் பொறுப்பு வேண்டாமா? நாலு பேர் நம்பி இருக்கிறார்களே என்ற நினைப்பு வேண்டாமா? யாரோ ஏதோ எழுதினார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு போவதா?

"முகவரி எங்கிட்ட இருக்குதுங்க சார்" என்றாள் பூங்கோதை. திருச்சி, பொன்மலைப்பட்டி. "நீயும் வாம்மா" என்றேன். "வேண்டாங்க சார், நீங்களே போயிட்டு வாங்க" என்றாள். அவளிடம் எப்படி முகவரி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பஞ்சாங்கம் கணிக்கிறவர் என்றால் எப்படி இருப்பார்? வயதான சாஸ்திரிகள், கட்டுக்குடுமி, பேசினால் சுள்ளென்று விழுவார், ஆனால் மரியாதை கொடுத்தால் இளகுவார். நான் அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன். காலையில் குளித்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, ஆப்பிள், வெற்றிலை பாக்கு எல்லாம் வாங்கி, விபூதி பூசிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். கதவுக்கு மேலே வேளாங்கண்ணி மாதா.

வீடு தப்பு என்று திரும்பினேன். ஒரு அம்மா கதவைத் திறந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருக்கும். கையில் சிவப்புப் பேனா, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"பிறைக்கணக்கு ஐயாவைப் பாக்கணும்."

"ஐயா இல்ல. நான்தான். அமலோற்பவம்." என் வேட்டியையும் விபூதியையும் பையையும் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்தீங்களா?"

உள்ளே ஒருவர் டிவிக்கு முன்னால். "அமலி, யாரது?"

"செத்தவங்களைப் பாக்க வந்திருக்காங்க, இருதயராஜ். துக்கம் கேக்க."

அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. கட்டுரையில் என் படம் போட்டிருந்தேனே. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாராம். அந்த அம்மாவிடம் நான் எவ்வளவு பொறுமையாகப் பேசினேன் தெரியுமா? பெருந்துறை கதை முழுதும் சொன்னேன். காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த இடத்தில் அவர் சிரித்தார். சிரிக்கிற விஷயமா அது?

"நீங்க இதெல்லாம் நம்புவீங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"சந்திரன் எங்க இருக்குன்னு நம்புவேன். அது நல்லதா கெட்டதாங்கறது உங்க பாடு. எங்க கல்யாணம் ராகு காலத்துல, மாதா கோயில்ல நடந்துச்சு. அன்னிலருந்து இவரோட சண்டை. அதுக்கு ராகு தேவையில்ல, இவரே போதும்."

"அது என்னமோ வாஸ்தவம்" என்றார் டிவிக்கு முன்னால் இருந்தவர்.

விஷயத்துக்கு வந்தேன். பெயரும் போன் நம்பரும் போட அனுமதி வேண்டும் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"பேர் போட்டா போன் வரும். ராத்திரி பகல் வரும். அதுக்கு நான் தயார். எனக்குக் கரிநாளைப் பத்திக் கேக்கறவங்களைப் புடிக்கும். ஆனா ரெண்டு பேர் போடணும். என் பேரும் பூங்கோதை பேரும்."

"எங்க பூங்கோதையா?"

"உங்க பூங்கோதைதான். அந்தப் பொண்ணு எனக்கு எழுதிக்கிட்டே இருக்கும், தெரியாதா? பவானியில சூரிய உதயம் ஒரு நிமிஷம் தப்புன்னு சொன்னது, வாக்கியக் கணக்குல ஒரு ஓட்டையைக் கண்டுபுடிச்சது, அதை அடைச்சு அனுப்பினதும் அதுதான். அடுத்த பதிப்புல போடலாம்னு வெச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க அடக்கம் பண்ணிட்டீங்க."

பாருங்கள், என் சம்பளம் வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! அங்கேயே போன் போட்டேன். "எங்கிட்ட ஏம்மா சொல்லலை? அது ஒரு அம்மாங்கறதைக்கூடச் சொல்லலை!" என்றேன். "நீங்க கேக்கலைங்களே சார்" என்கிறாள். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"என் பேர்?" என்று கேட்டேன். கம்பெனி என்னுடையது, கேட்க உரிமை இருக்கிறதல்லவா?

"நீங்க என்ன கணக்குப் போட்டீங்க, தம்பி?"

படித்தவர்களிடம் வாய் கொடுக்கக்கூடாது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "செத்துடுச்சுன்னு எழுதினீங்கல்ல? உயிரோட இருக்குன்னு எழுதுங்க. அதே எடத்துல, அதே இங்கிலீஷ்ல. எழுதின அன்னிக்கு நான் பூட்டைத் திறக்கறேன். அதுவரைக்கும் பேர் போட்டுக்குங்க, நாளைக்குக் கூட்டத்துல காட்டிக்குங்க. அந்தப் பொண்ணுக்காகத் தர்றேன்."

பழத்தை எடுத்து நீட்டினேன். "அவருக்குச் சர்க்கரை. வெத்தலை பாக்கு எங்க வீட்ல யாரும் போடறதில்ல. தூக்கிட்டுப் போங்க தம்பி, கனம்தான்." வாசல்வரை வந்தார். "வேட்டி நல்லா இருக்கு" என்றார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். யார் மேல் தப்பு? நான் கேள்வி கேட்டது தப்பா? நாலு பேருக்கு வழி காட்டியது தப்பா? என் முறையில் ஒரு குறையும் கிடையாது. நட்சத்திரம் பார்த்தேன், நாடி பார்த்தேன், ஆள் எண்ணிக்கை பார்த்தேன். இருபது வருஷம் அப்படித்தான் பார்த்தேன், அங்கே ஒரு கட்டடம்கூட இடிந்து விழவில்லை. இங்கே வந்தால் ஒருவர் சந்திரனைப் பார்க்கச் சொல்கிறார், ஒருவர் அட்டையில் பெயர் கேட்கிறார், கூட இருக்கிறவள் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். நல்ல லைப்ரரியைத் தேடிக் கண்டுபிடிக்கிறவனுக்கு இந்த ஊரில் என்ன மரியாதை?

கொடுமுடியில் ஏறினாரே அந்தப் பெரியவர், அவரிடம் கேட்டால் தெரியுமோ என்னவோ. சந்தைக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறார். "சும்மா நிக்கற மாட்டை மட்டும்..." வேண்டாம், விடுங்கள். தூங்குகிறார்.

கொஞ்சம் இருங்கள், போன். சுகந்தி. ...ஆமா, சோலார் கிட்ட வந்துட்டேன், இன்னும் பத்து நிமிஷத்துல ஈரோடு. ...என்னது? ...எப்ப? ...சரி. ...வந்து பேசறேன்.

ஒன்றுமில்லை. நியூஜெர்சியில், எடிசனில் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். எப்போது விண்ணப்பித்தாள் என்றே எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

இந்தப் பையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அட, எடுத்துக்கொள்ளுங்கள், ஆப்பிள் நல்ல ஆப்பிள்.

கரூரில் நீங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே பூங்கோதைக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். நாளைக்குக் கூட்டத்தில் திரையில் 'கணித்தவர்கள்: அமலோற்பவம், பூங்கோதை' என்று வரும். பேசப் போவது பூங்கோதை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து கட்டுரையை எழுதிவிடுவேன், அதே இடத்தில், அதே ஆங்கிலத்தில். தலைப்புகூட வைத்துவிட்டேன்: 'செத்த லைப்ரரிக்கு நான் உயிர் கொடுத்த கதை.'